கவனம்! டோசருக்கு முன்னால் கடதாசி வரும்

திருகோணமலை மாவட்டத்தில் உறுதிக் காணி வைத்திருப்பவர்களுக்கும், பெர்மிட் காணியில் குடியிருப்பவர்களுக்கும், காணி பூமி ஒன்றுமில்லாமல் வாரக் கட்டுப்பணத்தோடு மல்லுக்கட்டுபவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அலுமாரிக்கு மேலே, பெட்டிக்கு அடியிலே, சீலை மடிப்புக்குள்ளே வைத்திருக்கிற பத்திரங்களை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நீங்கள் வருஷக்கணக்காக விரித்துப் பார்க்காத அந்தக் கடதாசியை இப்போது வேறு யாரோ விரித்துப் படித்துக்கொண்டிருக்கக்கூடும்.

ஊர் மாறிக்கொண்டிருக்கிறது. சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகளில் பெரும்பாலானவை பல பத்து வருஷங்கள் பற்றைக்குள் கிடந்தன. 2022 ஜனவரியில் 99ஐயும் பங்கு பிரித்து ஒப்பந்தம் எழுதினார்கள். 61 தாங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசியும் சேர்ந்து தொடங்கும் கூட்டுக் கம்பனிக்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, 14 ஐஓசிக்கு. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்புக்கு வந்தபோது, இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. அதே நாளில் சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்துக்கும் தொடக்கம் வைத்தார்கள். இந்தப் பக்கம் உப்புவெளி தொடங்கி நிலாவெளி, இறக்கக்கண்டி வரைக்கும் கடற்கரை ஓரமாக ஹோட்டல் மதில்கள் நீண்டுகொண்டு போகின்றன.

திட்டங்கள் வரவேண்டும். எங்கள் பிள்ளைகள் படித்துவிட்டுக் கொழும்புக்கும் கட்டாருக்கும் ஓடாமல் ஊரிலேயே வேலை செய்ய வேண்டும் என்றுதான் எல்லாரையும் போல நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் இந்த மண்ணில் ஒவ்வொரு பெரிய திட்டமும் வந்த முறையைத் திரும்பிப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. டோசர் வந்து நிற்கும்போதுதான் சனத்துக்குத் தெரியவரும். அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே கடதாசி வந்துவிட்டிருக்கும்.

சம்பூரை எடுங்கள். 2006 ஏப்ரல் கடைசியில் குண்டு விழ, சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனைச் சனம் உடுத்த துணியோடு வெளிக்கிட்டது. அலைந்து திரிந்து, கடைசியில் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தகரக் கொட்டில்களுக்குள் அடைபட்டது. அவர்கள் அங்கே இருக்கும்போதே 2007இல் மூதூர் கிழக்கு அதியுயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானி வந்தது. இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் என்டிபிசியும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டப்போவதாகவும் பேச்சு. 2012இல் இன்னொரு வர்த்தமானியில் சம்பூர் விசேட கைத்தொழில் வலயமாகி, 818 ஏக்கர் ஒரு தனியார் கம்பனிக்குப் போனது.

கொழும்பில் அச்சாகிற வர்த்தமானி கிளிவெட்டி முகாமுக்கு எப்படி வரும்? வந்தாலும் அதில் இருப்பது வரைபட இலக்கமும் எல்லைக் குறிப்பும். “வடக்கே இன்ன பாதை, கிழக்கே கடல்” என்று எழுதியிருப்பதற்குள் தன் கிணறும் தென்னையும் அடங்கியிருக்கின்றன என்று தகரக் கொட்டிலில் இருக்கிற ஒரு கிழவிக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

அந்தச் சனம் விடவில்லை என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். வேறு இடத்தில் காணி தருகிறோம், வீடு கட்டித் தருகிறோம் என்று சொன்னபோதும் பலர் மறுத்து முகாமிலேயே கிடந்தார்கள். 2015 மே மாதம் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த 818 ஏக்கர் வர்த்தமானியை இரத்துச் செய்தார். கம்பனி உயர் நீதிமன்றத்துக்குப் போய், கொஞ்சக் காலம் இழுபட்டு, பிறகுதான் ஊர் திறந்தது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சில் விடுபட்டது. அதே வருஷம் செப்ரெம்பரில் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டதாக உயர் நீதிமன்றத்தில் அரசு சொன்னது. பத்து வருஷம்! முகாமில் பிறந்த பிள்ளை நாலாம் வகுப்புக்குப் போகிற வயசில் தன் ஊரை முதல் தடவை பார்த்தது. அப்படித் திரும்பி வந்தவர்களிலும், உறுதியோ பெர்மிட்டோ கையில் வைத்திருந்தவர் வேலியைக் காட்டிப் பேசினார், கடதாசியைத் தொலைத்தவர் விதானையாருக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடையாய் நடந்தார்.

சம்பூர் போர்க்காலத்துக் கதை, இப்போது அப்படி நடக்காது என்று நினைக்கிறவர்கள் முத்துநகரைப் பாருங்கள். பட்டணமும் சூழலும் பிரிவிலே, சீனக்குடாவுக்குக் கிட்ட, குளத்து நீரை நம்பி நெல் விதைத்து வந்த கிராமம். அந்தப் பகுதிக் காணிகள் 1984இலேயே துறைமுக அதிகார சபைக்குப் போய்விட்டன. கடதாசியில் துறைமுகக் காணி, நிலத்தில் வயல். நாற்பது வருஷம் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன. சூரிய மின்சாரத்துக்கு நிலம் தேவைப்பட்டதும் கடதாசி எழுந்து வந்தது. 2025இல் கம்பனிகள் உள்ளே வந்தன. விவசாயிகளின் கணக்கில் சுமார் 800 ஏக்கர் விதைப்பு நிலம் கைவிட்டுப் போகிறது. செப்ரெம்பர் மாதம் அவர்கள் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் பாய் விரித்துச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாய் விதைத்தோம், கமநல சேவைத் திணைக்களம் உர மானியம் தந்தது, கரண்டு தந்தார்கள், வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறது என்று அவர்கள் சொல்வதெல்லாம் நியாயமான பேச்சு. என் மனசு முழுக்க அவர்கள் பக்கம்தான்.

ஆனால் சட்டத்தின் முகத்தையும் தெரிந்துகொள்ளாமல் இருக்கக்கூடாது. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீட்டல்) சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி அதிகாரி ஒருவர், “இந்த அரச காணியில் இருந்து எழும்பு” என்று அறிவித்தல் தரலாம். குறைந்தது 30 நாள் தவணை. எழும்பாவிட்டால் நீதவான் நீதிமன்றம். அங்கே போய் நீங்கள் எத்தனை வருஷம் இருந்தீர்கள், எத்தனை இலட்சம் போட்டு வீடு கட்டினீர்கள் என்பது எடுபடாது. செல்லுபடியான பெர்மிட் அல்லது எழுத்திலான அனுமதி இருக்கிறதா? இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் வெளியே போ. அந்த நீதிமன்றத்தில் கேட்கப்படுவது இந்த ஒரு கேள்விதான். இது தெரியாமல் அறிவித்தலை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, “எங்களை யார் எழுப்புறது?” என்று இருந்தவர்களை எனக்குத் தெரியும். முப்பது நாள் முப்பது நிமிஷம் போல ஓடிவிடும். அந்த நாட்களுக்குள்தான் சட்டத்தரணியிடம் போக வேண்டும், மேல்நீதிமன்றங்களில் என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டும்.

உங்களுடையது தனியார் உறுதிக் காணியானால் அரசுக்கு வேறு வழி இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க காணி எடுத்தற் சட்டம். முதலில் 2ஆம் பிரிவு அறிவித்தல், இடத்தை அளந்து பார்ப்பதற்கு. பிறகு 4ஆம் பிரிவு. ஆட்சேபனை சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிற கட்டம் இது, குறைந்தது 14 நாள் தருவார்கள். 7ஆம் பிரிவு வந்தால் நட்டஈட்டுக்கு உரிமை கோர வேண்டும். 38(அ) பிரிவைப் போட்டால் அவசரம் என்று அர்த்தம், நட்டஈடு பேசி முடியும் முன்பே காணியைக் கையேற்கலாம். அறிவித்தலைக் காணிக்குப் பக்கத்தில் ஒட்டுவார்கள். மழையில் நனைந்து விழுந்தால் விழுந்ததுதான். ஆகவே ஒட்டுகிறதைக் கண்டால் உடனே போனில் படம் எடுங்கள். எந்தப் பிரிவு, என்ன திகதி என்ற இரண்டையும் பாருங்கள்.

வடக்கில் 2025இல் நடந்ததை மறக்க வேண்டாம். மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியில், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் 5,940 ஏக்கர் வரையான காணிக்கு மூன்று மாசத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகிவிடும் என்று போட்டார்கள். எத்தனை பேர் அதை அன்றைக்கே பார்த்தார்கள்? பார்த்த சிலர் சத்தம் போட்டதால், சட்டத்தரணிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போனதால், ஜூன் கடைசியில் இடைக்காலத் தடை வந்தது. பிறகு அரசாங்கமே அதை மீளப்பெற்றது. ஒருவரும் படிக்காமல் விட்டிருந்தால்? குச்சவெளி, திரியாய், புல்மோட்டைப் பக்கம் தொல்லியல், வனம், வனசீவராசிகள் என்று ஒவ்வொரு திணைக்களமும் எல்லைக்கல் போடுகிற ஊர்களில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, பெர்மிட் காணிக்கு வருவோம். பாலையூற்று, கன்னியா தொடங்கித் தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர், வெருகல் வரைக்கும் எத்தனையோ குடும்பங்களின் கையில் இருப்பது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் தந்த பெர்மிட். மடித்த இடமெல்லாம் கிழிந்து, செலோ டேப் ஒட்டி, மஞ்சளாகிப் போன ஒரு தாள். பெயர் அப்பப்பாவுடையது. அவர் செத்து இருபது வருஷம். அடுத்த வாரிசைக் குறிக்கிற பின்னுரித்தாளர் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை, அல்லது எழுதியவர் அவருக்கு முந்தியே போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குச் சீதனம். அப்பா கலியாணத்தில் வாயால் சொல்லுவார், “இந்தப் பக்கம் மூத்தவளுக்கு, அந்தப் பக்கம் சின்னவளுக்கு.” மருமகன் வெளிநாட்டுக் காசில் கல்வீடு கட்டுவான், மாபிள் பதிப்பான், கேற் போடுவான். காணியோ கந்தோரில் இன்னமும் செத்துப்போன மனுசனின் பெயரில், பிரிக்கப்படாத ஒரே துண்டு. ஊரில் காணி விலை சும்மா கிடந்தவரைக்கும் இதனால் ஒரு பிரச்சினையும் இல்லை. ரோட்டுப் பக்கக் காணிக்கு இலட்சக்கணக்கில் விலை பேசத் தொடங்கிய பிறகு, அண்ணன் தம்பி கோட்டுக்குப் போகிறார்கள். மூத்த மகனுக்கு முதலிடம் கொடுத்து வந்த பழைய வாரிசு ஒழுங்கு 2022இல் திருத்தப்பட்டது, இப்போது ஆண் பெண் பேதம் பார்க்கக்கூடாது. அது பெரிய விஷயம். ஆனாலும் பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரைப் பதிந்துவிட்டால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. அம்மாவோ அப்பாவோ இன்னும் இருக்கிறார்கள் என்றால், அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வேலையை முடியுங்கள். கேட்கக் கூச்சமாய்த்தான் இருக்கும். “சாகிறதுக்கு முன்னமே பங்கு கேக்கிறாள்” என்று சொல்லுவார்கள். சொல்லட்டும்.

பெர்மிட் காணியை விற்கலாமா? பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் முடியாது. ஆனாலும் விற்பனை நடக்கிறது. புரோக்கர் வருவார், “அக்கா, ஒரு அக்ரிமென்ட் போடுவம், நொத்தாரிசு எங்கட ஆள்தான்” என்பார். அப்படி எழுதின தாளுக்குச் சட்டத்தில் பெறுமதி கிடையாது. வாங்கினவர் காசை இழப்பார், விற்றவருக்குப் பெர்மிட்டே பறிபோகலாம். இரண்டு பேரும் தோற்கிற இந்த வியாபாரத்தில் மிஞ்சுவது புரோக்கரின் கொமிசன் மட்டும்.

உறுதிக் காணி வாங்குகிறவர்களும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து இன்றுவரை, அசையாச் சொத்தை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் கைமாற்ற முடியாது. அதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. காணிப் பதிவகத்தில் பதிந்தாக வேண்டும். ஒரே காணியை ஒருவர் இரண்டு பேருக்கு எழுதினால், பிந்தி எழுதி வாங்கினவர் முந்திப் பதிந்துவிட்டால் பெரும்பாலும் அவர் பக்கமே சட்டம் நிற்கும். நீங்கள் நல்ல நாள் பார்த்துப் பதிவோம் என்று உறுதியைச் சாமியறையில் வைத்திருக்கும் நேரத்தில் அந்தக் காணி இன்னொருவருக்குப் போய்விடலாம். வாங்கும் முன்பு பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடிப் பாருங்கள், குறைந்தது முப்பது வருஷத்துக்காவது. நிலாவெளிப் பக்கம் கடற்கரைக் காணி என்றால் இன்னும் கவனம். அவற்றில் பல எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போரால் ஓடிப்போனவர்களின் காணிகள். உரிமையாளர் ரொறன்ரோவில் இருப்பார், இங்கே ஒருவர் அற்றோணித் தத்துவம் என்று ஒரு தாளைக் காட்டுவார். தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? அவரை வீடியோ கோலில் முகம் பார்த்துக் கேட்டீர்களா? கொடுத்தவர் செத்தால் பொதுவாக அந்தத் தத்துவமும் செத்தது.

வெளிநாட்டில் இருக்கிற உறவுகளே, உங்களுக்கும் ஒன்று. வருஷத்துக்கு ஒருமுறை யாரையாவது அனுப்பிப் பதிவகத்தில் உங்கள் காணியின் பதிவுத்தாளைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காணியில் ஏதாவது பதிவுக்கு வந்தால் உங்களுக்கு அறிவிக்கும்படி முன்தடை அறிவித்தல் போடவும் 1927ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது. உள்ளூரில் இருப்பவர்களுக்கு மற்றப் பக்கத்து ஆபத்து: வெளிநாட்டுப் பிரஜைக்கும் வெளிநாட்டுக் கம்பனிக்கும் காணி எழுதுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. அதனால், “உங்கட பேரில எழுதுவம் தம்பி, மாசம் மாசம் ஒரு தொகை தாறம்” என்று யாரும் வந்தால் ஓடித் தப்புங்கள். காணி அவர்களுடையதாக இருக்கும், வழக்கும் வரியும் உங்களுடையதாக இருக்கும்.

கரைவலைக்காரரின் நிலை இன்னும் மோசம். வலை இழுக்கிற கரைத்துண்டான பாடு எது, யார் எந்த நாள் வலை வளைப்பது என்பதெல்லாம் வழக்கத்தில் ஓடுகிற உரிமை. கரையில் போட்டிருக்கிற வாடிக்கு உறுதி கிடையாது. ஹோட்டல் மதில் ஒன்று கடலுக்கு ஐம்பது அடி கிட்ட வந்தால், வலை இழுக்க நிற்கிற மணலே இல்லாமல் போகும். கடற்றொழில் திணைக்களத்தில் உங்கள் பாடு பதிவாகி இருக்கிறதா என்று சங்கத்தில் கேளுங்கள். வாய்வழக்கமாக மட்டும் இருந்தால், எழுத்தில் கொண்டுவரச் சங்கத்தை உலுக்குங்கள்.

காணியைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம், காணி ஆட்டங்கண்ட வீட்டுக்குள்தான் அடுத்த கடதாசியான கடன் தாள் நுழைகிறது.

2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தினார்கள், கந்தளாயும் தம்பலகாமமும் விளைச்சலில் அடிபட்டன. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. அதே வருஷம் ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாயானது. வெளியிணைப்பு மோட்டார் பூட்டின சின்னப் படகுக்காரர் கடலுக்குப் போய் வருகிற செலவே மீனின் விலையைத் தாண்டியது. அந்தப் பள்ளத்தை இட்டு நிரப்ப வந்தது குழுக்கடன்.

அலஸ்தோட்டத்துப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் நான் பார்த்தது. காலை ஒன்பது மணி. பிளாஸ்டிக் கதிரையில் லோன்காரத் தம்பி, மடியில் ஒரு டெப், பக்கத்தில் பேனை கட்டின கிளிப் போட். எதிரே பாயில் பெண்கள். ஒருத்தியின் கையில் மீன் செதிள் இன்னும் காயவில்லை, பாவாடையில் துடைத்துவிட்டுப் பேனையை வாங்குகிறாள். தம்பி தாளைப் புரட்டிப் புரட்டி, “அக்கா இதில ஒண்டு, இதில ஒண்டு, இஞ்சையும் ஒண்டு வையுங்கோ” என்கிறார். மூன்றாவது தாளில் தொகை எழுதுகிற கட்டம் வெறுமையாக இருந்தது. “என்ன தம்பி இது?” என்று கேட்டேன். “அது ஒபிஸில நிரப்புவினம் அன்ரி” என்றார், மரியாதையாகத்தான். அக்கா வைத்துவிட்டார். அது அவருடைய கடனே இல்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிணை.

குழுப் பிணையில் ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். கட்டும்வரை கூட்டம் கலையாது. ஒரு லோனைக் கட்ட இன்னொரு லோன், அதைக் கட்ட நகை, நகை முடிந்ததும் வளவு. பெண்கள் நஞ்சு குடித்த கதைகள் வடக்கு கிழக்கில் எத்தனையோ வந்த பிறகுதான் 2018இல் அரசாங்கம் வறட்சி மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாய் வரையான கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. 2021இல் பக்கத்துப் பொலன்னறுவையில், ஹிங்குராக்கொடையில், சிங்களப் பெண்கள் இதே கடனுக்கு எதிராக வீதியோரம் குந்தியிருந்தார்கள். மொழி பார்க்காத வியாதி இது. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் இருக்கிறது, மத்திய வங்கியிடம் அனுமதி பெற்ற கம்பனிகளின் பட்டியலும் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவரின் கம்பனி அதில் இருக்கிறதா என்று போன் வைத்திருக்கிற பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் கட்டம் இருக்கிற தாளில் கை வைக்காதீர்கள். கை வைத்த ஒவ்வொரு தாளுக்கும் பிரதி கேளுங்கள். தர மாட்டேன் என்றால் அந்த லோன் வேண்டாம். வட்டியை மாசத்துக்கு என்று சொல்லுவார்கள், வருஷத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

லோன் இறுகிய வீட்டுக்குள் வருகிற மூன்றாவது கடதாசி பாஸ்போட்.

மூதூர் சாபி நகர் றிசானா நபீக்கை இந்த மாவட்டத்தில் தெரியாதவர் இல்லை. 1988இல் பிறந்த பிள்ளை. ஆறு வருஷம் கூட்டிப் பிறந்த வருஷம் 1982 என்று பாஸ்போட் செய்து, 2005 மே மாதம் சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். வயது பதினேழு. போய்ச் சேர்ந்த அதே மாசத்தில் அவள் பால் கொடுத்த கைக்குழந்தை இறந்தது. அவளே கொன்றாள் என்று வழக்கு. 2007இல் மரணதண்டனை விதித்தார்கள். 2013 ஜனவரி 9ஆம் திகதி நிறைவேற்றினார்கள். உலகமே கெஞ்சியும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது என்று வாதாடுகிறவர்கள் வாதாடட்டும். பதினேழு வயசுப் பிள்ளை அந்த வீட்டில் நிற்கக் காரணமாக இருந்தது ஒரு தாளில் மாற்றி எழுதின ஒரு வருஷம். அதை எழுதியது சவூதியில் அல்ல, இங்கே.

இன்றைக்கு அந்தத் தாளின் பெயர் மாறியிருக்கிறது. விசிற் விசா. “முதல்ல விசிற்றில போங்கோ, அங்க போய் வேலை விசாவாக மாத்தலாம்.” 2022இல் நாடு விழுந்த பிறகு, அப்படிப் போன இலங்கைப் பெண்கள் ஓமானில் கைமாற்றி விற்கப்பட்ட செய்தி வந்தது. பொடியன்களுக்கு வேறு வலை. கணினி வேலை, தாய்லாந்து என்று சொல்லி மியன்மாரில் மோசடி முகாம்களுக்குள் அடைத்தார்கள். முன்னாள் இராணுவத்தினரை உதவி வேலைக்கென்று ஏற்றி ரஷ்யப் போர்முனையில் இறக்கினார்கள். வட்ஸ்அப்பில் வந்த வேலை என்றாலே ஒரு முறைக்கு நாலு முறை யோசியுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அடித்து ஏஜென்சியின் அனுமதி இலக்கத்தையும், அந்த வேலைக்கான கட்டளை பதிவாகி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். விசிற் விசாவில் வேலைக்குப் போகிறவருக்குப் பணியகத்தின் காப்புறுதியும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

அம்மா போன வீட்டில் பிள்ளைகளின் கதி தனியாக எழுத வேண்டியது. அம்மம்மா பார்ப்பா என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். அம்மம்மாவுக்குக் கண் தெரியாது, போனில் பேத்தி யாரோடு கதைக்கிறாள் என்று தெரியாது, சந்தியில் பேரனின் கையில் ஐஸ் போதைப்பொருள் வந்து சேர்ந்ததும் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளையின் பெயரை ஆசிரியர்கள் இடாப்பில் வெட்டிவிடாமல் வீடு தேடிப் போக வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929, பெண்ணுக்கு என்றால் 1938. இந்த இரண்டு இலக்கங்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

கடைசியாகக் காலக்கணக்கு. உங்கள் ஊரில் என்ன திட்டம் வரப்போகிறது, எந்தக் காணி, யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்திலோ துறைமுக அதிகார சபையிலோ எழுத்தில் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தமிழில் கேட்கலாம். அரச நடவடிக்கையால் உங்கள் அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றம் போக ஒரு மாசம்தான் இருக்கிறது. அதற்குள் கொழும்புக்கு ஓட முடியாதவர்கள், அதே ஒரு மாசத்துக்குள் திருகோணமலையில் இருக்கிற மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாட்டைப் பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்குங்கள். மாசம் எண்ணத் தொடங்குவது உங்களுக்கு வசதிப்பட்ட நாளில் இருந்து இல்லை, சம்பவம் நடந்த நாளில் இருந்து.